காலடியில் கிடக்கும் ராஜா

1

இன்று இங்கே அரசு விடுமுறை. ராஜாவின் நினைவு நாள். கரும்பு அரவை முடிந்து ஆலையில் மராமத்து நடக்கும் காலம் என்பதால் எங்களுக்கும் லீவு கிடைத்தது. காலையிலிருந்து டிவியில் ஒரே காட்சிதான். மலைமேல் நிற்கும் ராஜா சிலைக்கு மந்திரிகள் ஒவ்வொருவராக வந்து மாலை போடுகிறார்கள், கேமராவைப் பார்க்கிறார்கள், இறங்கிப் போகிறார்கள். என் மருமகன் ஜோசப்பும் மகள் வெண்ணிலாவும் பேரனைத் தூக்கிக்கொண்டு விடிந்ததுமே மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

போன மாதம் பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் இதே ராஜாவுக்கு நாங்கள் செய்து வைத்திருக்கும் மரியாதையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லியாவது ஆற்றிக்கொள்ளலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறாது என்றும் தெரிகிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எறையூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் வேலையை ஊரில் கற்றுக்கொண்டு, ஆப்பிரிக்காவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாலிபத்தில் இங்கே வந்தவன். மனைவி விக்கிரமங்கலத்துக்காரி. மகள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே, கூடப் படித்து வாத்தியாரானவரைக் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கே. கல்யாணப் பத்திரிகையில் ஜோசப் என்று பார்த்த என் சொந்தக்காரர்கள் வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன் போலிருக்கிறது என்று சமாதானம் ஆகிவிட்டார்கள். கல்யாண போட்டோ போனதும் இரண்டு வாரம் யாரும் போன் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னைத்தான் விசாரித்தார்கள்.

2

அந்த ராஜா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரை எழுத மாட்டேன். இறந்துபோன ராஜாவின் பெயரை அந்த இனத்து மக்கள் சும்மா வாயில் போட்டுப் பேசுவதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வார்கள். ஜோசப்பின் பாட்டனுக்குப் பாட்டன் அவர்.

வெள்ளைக்காரர்கள் வந்து நிலம் கேட்டபோது முடியாது என்று சொன்னார். சண்டை போட்டுத் தோற்றார். பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். சோறு போடாமலே கொன்றார்கள். அவருக்கு போட்டோ கிடையாது. சாகிற சமயத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பென்சிலால் வரைந்த படம் ஒன்றுதான் உண்டு. கன்னம் ஒட்டிப்போய், கண் பிதுங்கி, உதடு சுருங்கிப் பல்லெல்லாம் வெளியே தெரியும் முகம். பட்டினி போட்டால் உங்கள் முகமும் என் முகமும் அப்படித்தான் இருக்கும். பட்டினி போட்டவனே அதை வரைந்து, ரத்தவெறி பிடித்த மனுஷன் என்று கீழே எழுதியும் வைத்தான்.

அந்தப் படம்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்தது. ஜோசப்பின் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பாடத்தை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தன் வீட்டுப் பெரியவரை அரக்கன் என்று தன் வாயாலேயே வாசிக்க வேண்டும். அவர் வாசித்தார். வாசிக்காவிட்டால் அடி. சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுவாராம்.

சுதந்திரம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. அதே பென்சில் படத்தை ஓர் ஓவியரிடம் கொடுத்து, அரசாங்கம் புதுப் படம் போடச் சொன்னது. அவர் கன்னத்துக்குச் சதை வைத்தார், கண்ணை உள்ளே அனுப்பினார், வாயை மூடினார். கழுத்தில் சோழி மாலை, புருவத்தில் வெட்டுத் தழும்பு, தலைப்பட்டையில் ஒற்றை இறகு. அந்த முகம் கரன்சி நோட்டில் வந்தது, தபால் தலையில் வந்தது, மலைமேல் சிலையானது. பிறகு வேறு பக்கத்து ஆட்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களுடைய முன்னோர்களின் மாட்டையெல்லாம் இந்த ராஜா ஓட்டிக்கொண்டு போனவர். அதுவும் உண்மைதான், ஜோசப்பே ஒத்துக்கொள்வார். நோட்டிலிருந்து ராஜா காணாமல் போனார். அப்புறம் ஓட்டு வேண்டியிருந்தது. லீவு நாளாகத் திரும்பி வந்தார்.

அவருடைய கைத்தடி மட்டும் திரும்பி வரவில்லை. அது ஒரு வெள்ளைக்கார நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அன்பளிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். செத்த மனுஷன் கையிலிருந்து பிடுங்கியதற்குப் பெயர் அன்பளிப்பு!

3

எங்கள் ஆலை வருஷா வருஷம் காலண்டர் போடும். பெரும்பாலும் ராஜா படம்தான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சோப்பு, சென்ட், போர்வையோடு இரண்டு காலண்டரையும் சுருட்டி எடுத்துப்போவது என் வழக்கம்.

எங்கள் அண்ணி அதைச் சாமி அறையில் மாட்டிவிட்டார். இவர் எந்த சாமி தம்பி என்று கேட்டார். சாமி இல்லை, அந்த ஊர் ராஜா என்றேன். கழுத்தில் மாலை இருக்கிறது, முகத்தில் களை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி மற்ற சாமிகளுக்கு வைத்த கையோடு அவருக்கும் ஒரு குங்குமம் வைத்தார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வருஷம் முடிந்தால் சாமி படம் போட்ட காலண்டரை யாரும் குப்பையில் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி உடைந்த லட்சுமி, சாயம் போன முருகன் எல்லாம் கோயில் வேப்ப மரத்தடிக்குத்தான் போகும். மழையிலும் வெயிலிலும் அங்கேயே மக்கிப் போகும். அண்ணியும் வருஷம் முடிந்ததும் ராஜாவை மரியாதையாகக் கொண்டுபோய்க் கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கதையில் அந்த மனுஷனை மனுஷனாக மதித்த ஒரே ஆள் அவர்தான்.

4

எங்கள் குலதெய்வம் பெரியாச்சி. பிள்ளை பெறும் பெண்களையும் பிறந்த பிள்ளைகளையும் காக்கிறவள். கொடுமைக்கார ராஜா ஒருவனைக் கீழே தள்ளி நெஞ்சில் காலை வைத்து மிதித்துக்கொண்டிருப்பாள். பழைய சுதைச் சிலை வெடித்துப் போனதால் பங்காளிகள் சேர்ந்து புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். தலைக்கட்டு வரியை நானும் அனுப்பினேன். வேலை முடிகிற நேரத்தில் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டார்.

அன்றைக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் ஆபீசில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளூர்க்காரனுக்குத் தெரியாத எந்த வேலை உனக்குத் தெரியும் என்று எழுதித் தரச் சொல்வார்கள். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், பாகு காய்ச்சத் தெரியும் என்று. உள்ளூர்ப் பையன்கள் பாதிப் பேருக்கு நானே கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் எழுதுவதில்லை. பொழுது போகாமல் வீடியோவைத் திறந்தேன். பெரியாச்சி ஜோராக வந்திருந்தாள். கேமரா மெல்லக் கீழே இறங்கியது. காலடியில் கிடந்த ராஜாவைக் காட்டியது.

கழுத்தில் சோழி மாலை. புருவத்தில் வெட்டுத் தழும்பு. தலைப்பட்டையில் ஒற்றை இறகு. கறுப்பு எனாமல் பெயின்ட். ஒட்டிய கன்னம், பிதுங்கிய கண், வெளியே துருத்திய பல்.

கூப்பிட்ட நம்பரைக் கவனிக்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த மாதம் அனுமதி கிடைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வரிசை.

அண்ணனுக்கு போன் போட்டுக் கத்தினேன். எங்கிருந்து வந்தது இந்த முகம் என்றேன். சிலைக்காரர் மரத்தடியில் கிடந்த ஏதோ காலண்டரைப் பார்த்துச் செய்தாராம். நன்றாகத் தத்ரூபமாக வந்திருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்களாம். அது என் மாப்பிள்ளையின் பாட்டன் என்றேன்.

“மண்ணு, சிமெண்டு பொம்மடா அது. அதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிற” என்றார் அண்ணன். “சரி வுடு. நீங்க முடி எடுக்க வரதுக்குள்ள மாத்தச் சொல்றேன்.”

நான் நம்பினேன். பேரனுக்கு முதல் முடி எடுக்கப் பெரியாச்சி கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்து டிக்கெட் போட்டவனும் நான்தான். ஜோசப் பார்ப்பதற்குள் அந்த முகம் மாறிவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். போன் போடும்போதெல்லாம் ஆகிவிடும், ஆகிவிடும் என்றே அண்ணன் சொன்னார். அதற்குள் கும்பாபிஷேகமும் முடிந்துவிட்டது.

5

திருச்சியில் இறங்கியதிலிருந்தே பார்க்க வேண்டுமே. நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம், ஜோசப்பை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். எதற்கு வந்தீர்கள், எந்த காலேஜ், ஃபுட்பால் ஆடுபவரா என்று கேட்டிருக்கிறார்கள். மாமனார் வீட்டுக்கு வந்தேன் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. நான் திரும்பி உள்ளே போய் என் மாப்பிள்ளை என்று சொன்ன பிறகு விட்டார்கள். வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் தகவல் கொடுக்க வேண்டும் என்பதால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்ளயா? சொந்த மாப்ளயா சார்?”

“வாடகைக்கு எடுத்துட்டு வரல” என்று சொல்லிவிட்டேன். என் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

டவுனில் நடந்தால் வழிமறித்து செல்ஃபி எடுக்கிறார்கள். தலைமுடியைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார்கள். கேட்பவன் நிறமும் ஜோசப் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் இவன் பார்க்கிறவனாம், அவர் பார்க்கப்படுகிறவராம். எனக்கு வந்த கோபத்துக்கு ஜோசப் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அங்கே எங்கள் ஊரில் உங்களைப் பார்த்ததும், இந்திய முகம் என்பதாலேயே, கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்பதில்லையா மாமா என்றார். அதுவும் சரிதான்.

முதலில் விக்கிரமங்கலத்தில் மனைவி வீட்டில் தங்கினோம். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்தோம். கூட வந்த என் மைத்துனர் பெருமை தாங்காமல், எங்கள் ராஜா கங்கைவரை போய் ஜெயித்தார், கப்பலேறிக் கடல் தாண்டிப் போய் ஊர் ஊராகப் பிடித்தார் என்று விளக்கிக்கொண்டே வந்தார். வெண்ணிலா மொழிபெயர்த்தாள். ஜோசப் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடல் தாண்டி இருந்தார்களே, அந்த ஊர்க்காரர்கள் இவரை எப்படி வரைந்திருப்பார்கள்?

மைத்துனர் சிரித்து மழுப்பினார். பெரியாச்சி கோயில் என் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

6

அண்ணன் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோயிலுக்கு ஓடினேன். முகம் அப்படியே இருந்தது. நேரில் பார்க்க இன்னும் கேவலமாக இருந்தது. கண் திறந்தாயிற்று, கும்பாபிஷேகமும் ஆயிற்று, இனி பன்னிரண்டு வருஷத்துக்கு உளி வைக்கக் கூடாது என்றார் அண்ணன்.

சிலை செய்தவர் அரும்பாவூர்ப் பக்கம் வேறு ஒரு கோயிலில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். காலண்டரில் அந்த முகம் அமைதியாகத்தானே இருந்தது, நீங்கள் ஏன் கண்ணைப் பிதுக்கினீர்கள், பல்லை ஏன் வெளியே இழுத்தீர்கள் என்று கேட்டேன்.

“முகவெட்டு நல்லா இருந்துச்சுங்க, எடுத்துக்கிட்டேன்” என்றார். “ஆனா காலடியில கெடக்கறவன் பாக்க சாந்தமா இருந்தா ஆத்தா மிதிக்கறது தப்புன்னுல்ல ஆயிரும்? கண்ணு பிதுங்குனாதான் மிதிக்கறது ஞாயமாத் தெரியும்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பட்டினி போட்டவன் வரைந்த அந்தப் பென்சில் படத்தை இவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஓவியர் வைத்த சதையைச் சுரண்டி, மூடின வாயைத் திறந்து, உள்ளே அனுப்பின கண்ணை வெளியே எடுத்து, அதே படத்தை எங்கள் கோயிலில் சிமெண்டில் செய்து வைத்திருக்கிறார். மிதிக்கிறவனுக்கு எங்கே இருந்தாலும் ஒரே முகம்தான் தேவைப்படுகிறது என்று நினைத்தேன். அதை நினைக்க நினைக்கக் கோபம் யார் மேல் என்றே தெரியாமல் போயிற்று.

கண் திறந்த சிலையைத் தொடக் கூடாதாமே என்று கேட்டேன். கண் திறப்பது ஆத்தாளுக்கு மட்டும்தான், ராஜாவுக்குக் கிடையாது, பங்காளிகள் சொன்னால் அரை நாளில் முகத்தை மாற்றிக் கொடுத்துவிடுவேன் என்றார். ஆக, அண்ணன் சொன்னது பச்சைப் பொய்.

பங்காளிகளில் மூத்தவர் எங்கள் பெரியப்பா. அவரிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ஒருத்தனுக்காக மாற்றினால் நாளைக்கு ஆளுக்கொரு குறை சொல்வான் என்றார். அசுரன் கறுப்பாக இல்லாமல் பின்னே சிவப்பாகவா இருப்பான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒருவர்கூடச் சிவப்பு இல்லை. கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார். முடி எடுக்கிற அன்றைக்கு மட்டும் ராஜா மேல் ஒரு மஞ்சள் துணியைப் போர்த்திவிடலாம். மாப்பிள்ளை போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஒத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? வெண்ணிலாவிடமும் சொல்லாமல் மறைத்தேன்.

7

அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பொங்கல் வைத்தார்கள். மஞ்சள் துணி போர்த்தி ராஜா மறைந்து கிடந்தார். வெண்ணிலா பெரியப்பாவைப் பார்த்து, “தாத்தா, நீ எப்ப வந்த?” என்று கேட்டுவிட்டாள். கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அங்கே பிறந்த பெண்ணுக்கு வாங்க, போங்க எல்லாம் பாதி வரும், பாதி வராது. பெரியப்பா மட்டும் சிரித்துவிட்டு, இப்பதான் வந்தேன் என்றார். அதற்காக அவரைப் பிடித்தும் இருந்தது எனக்கு.

தாய்மாமன் முறைக்கு அண்ணன் மகன் மடியில் பேரனை உட்கார வைத்து முடி எடுத்தார்கள். ஒரே அழுகை. ஜோசப் எதிரே குத்தவைத்துக்கொண்டு நாக்கைச் சொடுக்கி வேடிக்கை காட்டினார். மழித்த முடியைத் தட்டில் வாங்கிய பெரியப்பா அதில் ஒரு கொத்தை எடுத்துத் தனியாக மஞ்சள் துணித் துண்டில் வைத்து முடிந்தார்.

“மொத முடி அப்பன் வூட்டு குலதெய்வத்துக்குல்ல போவணும்” என்றார். “மவ வயித்துப் புள்ளன்னு நம்ம ஆத்தாளுக்கு எடுத்தோம், சரி. இத அவங்க சாமிக்குக் கொண்டு போயி வெச்சிரணும். மாப்ள வூட்டு குலதெய்வம் எதுப்பா?”

அவர் முறைப்படிதான் கேட்டார். யாராக இருந்தாலும் கேட்டிருப்பார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவங்களுக்கு ஏது குலதெய்வம்?”

எல்லாரும் சிரித்தார்கள். என் அண்ணனும் சிரித்தார்.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. சிலையிடம் போய் அந்த மஞ்சள் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டேன்.

“இந்தா கெடக்காரு பெரியப்பா” என்றேன். “மாப்ள வூட்டு குலதெய்வம் இவருதான். நீங்க கேட்டீங்கல்ல, பாத்துக்குங்க.”

சிரிப்பு நின்றது. இழுத்த பிறகுதான் ஜோசப் அங்கே இருப்பது என் மண்டைக்கு உறைத்தது. எவருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் அலைந்தேனோ அவர் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

ஜோசப் எழுந்து வந்தார். அதிர்ச்சி எதுவும் இல்லை. சிலையின் தலைமாட்டில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் குழித்து, சத்தம் அதிகம் வராமல் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். ராஜா முன்னால் போனால் அந்த இனத்து ஆண்கள் அப்படித்தான் வணங்க வேண்டும். தலையை நிமிர்த்தக் கூடாது. பிறகு பெரியப்பா கையிலிருந்த முடிச்சை வாங்கி, அந்தப் பிதுங்கிய கண்ணுக்குப் பக்கத்தில், காதோரமாக வைத்தார்.

வெண்ணிலா அழவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெரியாச்சிக்கு அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நேரமாகிறது, பொங்கலை இறக்குங்கள் என்றார் பெரியப்பா.

காரில் திரும்பும்போது மன்னிப்புக் கேட்டேன். வீடியோவை அப்போதே பார்த்துவிட்டேன் மாமா என்றார் ஜோசப். குரூப்பில் வெண்ணிலாவும் இருக்கிறாள் அல்லவா? வீடியோ வந்த அன்றைக்கே காட்டிவிட்டாளாம். தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்றேன். நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்றார். நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன்.

“நீங்க ஏன்ப்பா இவ்ளோ பதறறீங்க? எங்களுக்கு இது பழக்கம்தான்” என்றாள். “உங்க ஊருக்குத்தான் புதுசு.”

உங்க ஊர் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜோசப் இன்னொன்றும் கேட்டார். உங்கள் கதையில் அந்த ராஜா செய்த தப்பு என்ன? ஜனங்களை வதைத்த கொடுங்கோலன் என்று பெரியாச்சி கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். இதெல்லாம் யார் சொன்னது என்றார். எங்கள் ஆட்கள்தான், வழிவழியாக, என்றேன்.

8

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போன் வந்தது. குரலில் ஒரே குஷி. புதிதாக வீடியோ அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பார்த்தேன். ராஜாவுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. கண் அதே கண். பல் அதே பல்.

“மொத முடி வாங்குன எடம், இனிமே அதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு” என்றார் அண்ணன். “காலடி ராஜான்னு பேரு வெச்சாச்சு. வெள்ளிக்கெழமயானா ஒங்க அண்ணி வெளக்கு வெக்கிறா. இப்ப சந்தோசமா?”

முகத்தை மாற்றுங்கள் என்று கத்தினேன். எனக்கு சாமி வேண்டாம், அந்த மனுஷனுக்கு அவர் முகத்தைக் கொடுங்கள் என்று கத்தினேன். இதற்கு மேல் உனக்கு என்னதான்டா வேண்டும் என்று அண்ணன் போனை வைத்துவிட்டார். துணியை இழுத்துவிட்டு வீரம் காட்டினேனே, அதற்கு நல்ல பலன். அரை நாளில் மாறியிருக்க வேண்டிய முகம் இனி எந்தக் காலத்திலும் மாறாது.

மலைக்குப் போனவர்கள் இப்போதுதான் திரும்பினார்கள். காலில் செம்மண் புழுதி. போனை ஜோசப்பிடம் நீட்டினேன். நின்றுகொண்டே வீடியோவை முழுசாகப் பார்த்தார், மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

“பூ போட்டிருக்காங்க மாமா. கால் எடுக்கல.”

போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் காலைக் கழுவ உள்ளே போனார். டிவியில் இன்னொரு மந்திரி மாலையோடு படி ஏறிக்கொண்டிருந்தார்.